கிட்டாருக்குக் குரல் கொடுத்த லியோ பென்டர்

கிட்டார் வாசிக்க அவருக்குத் தெரியாது. தந்திகளுக்குச் சுருதி கூட்டவும் தெரியாது. ஒரு கண்ணில் பார்வையும் கிடையாது. ஆனால் உலகில் மின்சாரக் கிட்டார் வாசிப்பவர்கள் எல்லோரும் அவர் பெயரை அறிவார்கள்.

அவர்தான் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த லியோ பென்டர்.

சாதாரணக் கிட்டாரின் ஓசை மெல்லியது. சிறிய அறையில் பத்துப் பேர் கூடியிருந்து கேட்கலாம். பெரிய மண்டபத்தில், டிரம்முக்கும் டிரம்பெட்டுக்கும் நடுவே அது எடுபடாது. அதனால்தான் மின்சாரக் கிட்டார் வந்தது. அதன் தந்திகளுக்கு அடியில் காந்தமும், காந்தத்தைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். தந்தி அதிர்ந்தால் சுருளில் சிறிதளவு மின்சாரம் பிறக்கும். ஆம்ப்ளிபயர் அதைப் பன்மடங்கு பெருக்கும். ஸ்பீக்கர் அதை மறுபடியும் ஓசையாக மாற்றும். ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் பெரும்பாலும் ஒரே பெட்டியில் இருக்கும்.

அந்தப் பெட்டியை எப்படிச் செய்வது? எங்கே வைப்பது? கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும். முன்வரிசையில் இருப்பவரின் காதும் வலிக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் சாதிப்பது எளிதல்ல. லியோ தம் வாழ்நாளில் பெரும் பகுதியை இந்தப் பெட்டிகளோடுதான் கழித்தார்.

ஆரஞ்சுத் தோட்டத்துப் பிள்ளை

கலிபோர்னியா மாகாணத்தில் அனஹைம், புல்லர்ட்டன் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் உண்டு. அவற்றுக்கு இடையே ஓர் ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. தோட்டக்காரத் தம்பதிக்கு 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி பிறந்தவர் லியோ. கிளாரன்ஸ் லியோனிடாஸ் பென்டர் என்பது முழுப் பெயர்.

எட்டு வயதில் பெரும் துன்பம் நேர்ந்தது. இடது கண்ணில் கட்டி உண்டாகி, கண்ணையே எடுத்துவிட நேர்ந்தது. கண்ணாடிக் கண் வைத்தார்கள். ஆனால் பையன் மூலையில் முடங்கிவிடவில்லை. கையில் கிடைத்ததை எல்லாம் கழற்றிப் பார்ப்பதும், திரும்ப மாட்டுவதுமாக இருந்தான்.

மாமா முறையான உறவினர் ஒருவர் மோட்டார் கார்களின் மின்சாரச் சாமான்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவர் ஒரு பெட்டி நிறையப் பழைய உதிரிச் சாமான்களைப் பையனுக்கு அனுப்பினார். பின்னர் லியோ அவருடைய கடைக்கே போனான். உதிரிச் சாமான்களைக் கொண்டு மாமாவே செய்த ரேடியோ ஒன்று கடை வாசலில் இருந்தது. அதன் ஸ்பீக்கரிலிருந்து சங்கீதம் உரத்து ஒலித்தது. லியோ மெய்மறந்து நின்றான். அந்த ஓசை கடைசிவரை அவன் மனத்தை விட்டு நீங்கவில்லை.

பள்ளியில் படிக்கும்போதே வீட்டில் ரேடியோ பழுது பார்க்கத் தொடங்கினான். சிறு வயதில் பியானோவும் சாக்ஸபோனும் பழகியது உண்டு. கிட்டார் பக்கம் மட்டும் போகவில்லை.

வேலை போயிற்று, கடை வந்தது

கல்லூரியில் லியோ படித்தது மின்சாரப் படிப்பு அல்ல, கணக்குப் படிப்பு! படித்து முடித்ததும் கணக்கெழுதும் வேலைக்குப் போனார். 1934-ல் எஸ்தர் என்ற பெண்ணை மணந்து கொண்டார்.

அப்போது அமெரிக்காவில் பெரும் வியாபார மந்தம். வேலைகள் நிலைக்கவில்லை. கடைசியாக ஒரு டயர் கம்பெனியில் கணக்கெழுதினார். அந்த வேலையும் போயிற்று.

அடுத்து என்ன செய்வது? லியோ 600 டாலர் கடன் வாங்கினார். 1938-ல் புல்லர்ட்டனில் ஒரு ரேடியோ பழுது பார்க்கும் கடையைத் திறந்தார். எஸ்தர் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்துக் குடும்பத்துக்குக் கை கொடுத்தார்.

ரேடியோக்களோடு வேறு சாமான்களும் கடைக்கு வந்தன. ஊர் ஊராய்ப் போய் வாசிக்கும் வாத்தியக்காரர்கள் தங்கள் ஆம்ப்ளிபயர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்றில் கரகரப்பு. ஒன்றில் இரைச்சல். மற்றொன்று பாதிக் கச்சேரியில் ஊமையாகிவிட்டது.

லியோ ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். எந்தப் பாகம் அடிக்கடி கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பது அவருக்கு மனப்பாடமாயிற்று. பிற்காலத்தில் தாம் செய்த பெட்டிகளைச் சுலபமாகத் திறந்து பழுது பார்க்கும்படி அவர் அமைத்ததற்கு இந்த அனுபவமே காரணம்.

பயந்து விலகிய கூட்டாளி

டாக் காப்மன் என்ற வாத்தியக்காரர் லியோவுக்கு நண்பரானார். இருவரும் சேர்ந்து 1945-ல் ஒரு சிறு தொழில் தொடங்கினார்கள். மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரையும், அதற்கு ஏற்ற ஆம்ப்ளிபயரையும் ஜோடியாகச் செய்து விற்றார்கள். பகலில் ரேடியோ வேலை. இரவில் கிட்டார் வேலை. நடுநிசி வரை விளக்கு எரியும்.

லியோவுக்குத் தொழிலைப் பெரிதாக்க ஆசை. டாக் காப்மனுக்கோ கடன் என்றால் பயம். 1946-ல் அவர் விலகிக்கொண்டார். தம் பங்குக்கு ஈடாக, தகடு துளைக்கும் சிறிய இயந்திரம் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் நட்பு முறியவில்லை. லியோ தம் பெயரிலேயே கம்பெனியைத் தொடர்ந்தார்.

காலடியில் ஒரு பெட்டி

அந்தக் காலத்து நடன மண்டபங்களில் ஆம்ப்ளிபயர் பெட்டியைத் தரையில் வைப்பார்கள். வாசிப்பவர் அதற்கு இரண்டு மூன்று அடி முன்னால் நிற்பார். பெட்டியின் உயரமோ முழங்கால் அளவுதான்.

இதில்தான் வினை. ஓசையில் உச்சமான பகுதி டார்ச்சு விளக்கின் வெளிச்சம் போல. ஸ்பீக்கர் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் நேராகப் பாயும். தாழ்ந்த ஓசை அப்படியல்ல, நாலாபக்கமும் பரவும். ஆகையால், தரையில் உள்ள பெட்டியின் கூர்மையான ஓசை வாசிப்பவரின் கால்களைத் தாண்டி நேரே சபைக்குப் போய்விடும். அவர் காதுக்கு மங்கலான ஓசைதான் எட்டும்.

ஓசை போதவில்லை என்று அவர் நினைப்பார். குமிழைத் திருகி அதிகப்படுத்துவார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கோ காதில் ஊசி குத்துவது போல் இருக்கும். குறைக்கச் சொல்வார்கள். அவருக்குக் கோபம் வரும். எத்தனையோ கச்சேரிகளில் நடந்த சண்டை இது!

லியோ இரவு நேரங்களில் நடன மண்டபங்களுக்குப் போவார். மற்றவர்கள் ஆடிப் பாடிக்கொண்டிருக்க, அவர் ஓசையைக் கவனித்தபடி இருப்பார். சில சமயம் வாசிப்பு நடக்கும்போதே மேடைக்குப் போய்ப் பெட்டியைத் தொட்டுச் சரி செய்வாராம்.

தம்மால் வாசிக்க முடியாததால் வாசிப்பவர்களையே கேட்டுத் தெரிந்துகொண்டார். புதிய பெட்டி செய்தால் அவர்களிடம் கொடுத்து அனுப்புவார். அவர்கள் குறை சொன்னால் மாற்றுவார். மறுபடியும் கொடுப்பார்.

1946-47-ல் அவர் செய்த ஒரு பெட்டியின் முகப்பு மற்றவற்றைப் போல் தட்டையாக இல்லை. நடுவில் மடிந்து இரு பக்கமும் சாய்ந்திருந்தது. ஒரு ஸ்பீக்கர் சற்று இடப்பக்கம் பார்த்தது. மற்றொன்று சற்று வலப்பக்கம் பார்த்தது. ஓசை ஒரே கோடாகப் பாயாமல் விரிந்து செல்ல இது ஒரு வழி.

புகழ் பெற்ற கிட்டார்கள்

கிட்டார்களிலும் லியோ புதுமை செய்தார். உள்ளே குழிவான கிட்டாரை உரத்த ஸ்பீக்கர் அருகே கொண்டுபோனால், அது ஸ்பீக்கரின் ஓசையிலேயே அதிர்ந்து ஊளையிடும். லியோ கெட்டிப் பலகையில் கிட்டார் செய்தார். கெட்டிப் பலகை அவ்வளவு எளிதில் அதிராது. கெட்டிப் பலகைக் கிட்டாரை அவருக்கு முன்பே சிலர் செய்து பார்த்திருந்தார்கள். ஏராளமாகச் செய்து எல்லோரும் வாங்கும்படி விற்றவர் லியோதான்.

அப்படி 1950-ல் வந்த கிட்டார் 1951-ல் டெலிகாஸ்டர் என்ற பெயர் பெற்றது. அதே ஆண்டில், ஆள் உயர பேஸ் வாத்தியத்தின் வேலையைச் செய்யும் மின்சாரப் பேஸ் கிட்டாரும் வந்தது. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது.

பேஸ் கிட்டாருக்காக அவர் செய்த பாஸ்மேன் ஆம்ப்ளிபயரைக் கிட்டார்க்காரர்களும் விரும்பி வாங்கினார்கள். 1962-ல் லண்டன் நகரில் ஜிம் மார்ஷல் என்பவர் தம் முதல் ஆம்ப்ளிபயரைச் செய்தபோது, பாஸ்மேனையே மாதிரியாக வைத்துக்கொண்டார். அந்த மார்ஷல் பெட்டிகளும் பின்னர் உலகப் புகழ் பெற்றன.

கூட்டத்தின் நடுவே நின்ற முதலாளி

டிக் டேல் என்ற இளைஞர் கடலோரத்து பால்போவாவில் ராண்டேவூ என்ற பெரிய நடன மண்டபத்தில் வாசித்து வந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு வந்து ஆடுவார்கள். டிக் டேல் இடது கைக்காரர். தந்திகளை வெறி வந்தவர் போல் மீட்டுவார். லியோ கொடுத்த ஆம்ப்ளிபயர்கள் ஒவ்வொன்றாகத் தீய்ந்து போயின.

லியோவுக்கு ஒன்று புரியவில்லை. தொழிற்சாலையில் அதே பெட்டி காதைப் பிளந்தது. அதற்கு மேல் ஓசை எதற்கு?

விடை காண அவர் தம் உதவியாளர் பிரெடி டவாரஸுடன் மண்டபத்துக்கே போனார். மேடை அருகே நிற்கவில்லை. ஆடும் கூட்டத்தின் நடுவே போய் நின்று கேட்டார். அங்கேதான் உண்மை விளங்கியது. டிக் டேல் பிற்காலத்தில் பலமுறை சொல்லி வந்த கதை இது.

காலி அறையில் ஓசை சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி வரும். அதனால் ஓங்கிக் கேட்கும். ஆட்கள் நிறைந்த மண்டபத்தில் அவர்களின் உடலும் உடையும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல் ஓசையை உறிஞ்சிவிடும். தொழிற்சாலையில் இடி போல் முழங்கிய பெட்டி, அந்தக் கூட்டத்தில் முனகலாகிவிட்டது.

லியோ திரும்பிப் போய் வேலையைத் தொடங்கினார். சக்தி மிகுந்த டிரான்ஸ்பார்மர் செய்வித்தார். 15 அங்குல ஸ்பீக்கர் பொருத்தினார். சுமார் 85 வாட் சக்தியுள்ள ஷோமேன் ஆம்ப்ளிபயர் இப்படிப் பிறந்தது. ஆம்ப்ளிபயர் தனி, ஸ்பீக்கர் பெட்டி தனி. ஒன்றை மற்றொன்றின் மேல் வைக்கலாம்.

1960-களில் பென்டரின் பெரிய பெட்டிகள் பலவற்றில் இன்னொரு புதுமையும் காணப்பட்டது. பெட்டியின் இரு பக்கமும் இரண்டு உலோகக் கால்கள். அவற்றைக் கீழே திருப்பிப் பெட்டியைப் பின்னால் சாய்த்தால், ஈசி சேர் போலச் சாய்ந்து நிற்கும். ஸ்பீக்கர் மேல்நோக்கிப் பார்க்கும். ஓசை வாசிப்பவரின் காதுக்கு நேரே வரும். கேட்காத குறையால் குமிழைத் திருக வேண்டியதில்லை.

சண்டைக்குக் காரணமாயிருந்த சங்கடத்தை இரண்டு இரும்புக் கால்கள் தீர்த்து வைத்தன!

பெட்டியை எங்கே வைப்பது?

வீட்டில் பிள்ளைகள் மின்சாரக் கிட்டார் பழகினால், லியோவின் இந்த அனுபவம் அவர்களுக்கும் உதவும்.

பெட்டி சிறியதானால் தரையில் வைக்க வேண்டாம். உறுதியான நாற்காலி மீதோ முக்காலி மீதோ வைக்கலாம். அல்லது விழாதபடி பின்னால் சாய்த்து வைக்கலாம். ஸ்பீக்கர் வாசிப்பவரின் காதைப் பார்க்க வேண்டும். அப்போது குறைந்த ஓசையே தெளிவாகக் கேட்கும். பக்கத்து வீட்டாருக்கும் தொந்தரவு குறையும்.

சுவரை ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஓசை பெருகும். இரண்டு சுவர் சேரும் மூலையில் வைத்தால் இன்னும் பெருகும். பானைக்குள் பேசுவது போல் குமுறும். பென்டர் பெட்டிகள் பலவற்றின் முதுகு திறந்தே இருக்கும். அதன் வழியாகவும் ஓசை வெளிவந்து சுவரில் பட்டுத் திரும்பும். ஆகவே சுவரை விட்டு ஓரிரண்டு அடி தள்ளி வைத்து, சிறிது சிறிதாக நகர்த்திக் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஓசை மெலிவாகத் தோன்றினால் சுவர்ப் பக்கம் நகர்த்தலாம். குமுறினால் விலக்கலாம். குமிழைத் தொடுவதற்கு முன் பெட்டியை நகர்த்திப் பார்ப்பதே முறை.

மேடையில் பெட்டியின் முகம் முன்வரிசையில் ஒருவரையே குறி பார்க்கக் கூடாது. சற்றுக் குறுக்காகத் திருப்பி வைக்கலாம். பெரிய மண்டபமானால் சிறிய பெட்டியின் முன் மைக் வைத்து, மண்டபத்து ஸ்பீக்கர்கள் வழியாக ஓசையை அனுப்பலாம். சபைக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மேடையில் நிற்பவர் அறிய முடியாது. நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, கீழே இறங்கி நடு மண்டபத்தில் நின்று கேட்க வேண்டும். லியோ செய்ததும் அதுதானே!

வாட் அதிகமானால் ஓசையும் அதே அளவு அதிகமாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. பத்து மடங்கு சக்தி கொடுத்தால், காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு ஓசை போலத்தான் தோன்றும். பழகுபவர்களுக்காக லியோ செய்த சாம்ப் என்ற சின்னப் பெட்டி சுமார் 5 வாட்தான். வீட்டுக்கு அது தாராளம். அந்தப் பெட்டிகளில் இருந்தவை வால்வுகள். வால்வுகள் ஓரளவு சூடுபிடித்து உழைக்கும்போதுதான் பலர் விரும்பும் நாதம் வரும். பெரிய பெட்டியில் அந்த நாதம் வருவதற்குள் வீடு அதிர்ந்துவிடும். சின்னப் பெட்டியில் விரைவிலேயே வந்துவிடும்.

இன்னொன்றும் முக்கியம். உரத்த ஓசையை நெடுநேரம் கேட்டால் காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய செல்கள் அழியும். அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. போன செவி போனதுதான்.

சாகப் போகிறோம் என்ற எண்ணம்

தொழில் ஓங்கியபோது லியோவின் உடல் நலிந்தது. 1950-களின் நடுவில் தொற்றிய கிருமி நோய் அவரை விடாமல் வாட்டியது. வைத்தியம் பலிக்கவில்லை. நெடுநாள் உயிரோடு இருக்க மாட்டோம் என்று அவர் எண்ணிவிட்டார்.

கம்பெனியை விற்க முடிவு செய்தார். 1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனம் அதை 130 லட்சம் டாலருக்கு வாங்கியது. 600 டாலர் கடனில் தொடங்கிய கடை இருபத்தேழு ஆண்டுகளில் அடைந்த விலை அது!

அதன் பிறகுதான் விதி விளையாடியது. லியோ வேறு டாக்டரிடம் போனார். நோய் தீர்ந்துவிட்டது. உடலில் பலம் வந்தது. ஆனால் கம்பெனி கையை விட்டுப் போய்விட்டது. அவர் பெயர் பொறித்த கிட்டார்களும் ஆம்ப்ளிபயர்களும் உலகெங்கும் விற்றன. அந்தப் பெயரில் ஒரு கிட்டாரைச் செய்து விற்க அவருக்கே உரிமை இல்லை.

வேறொருவராயிருந்தால் மனம் உடைந்திருப்பார். அல்லது பணத்தை வைத்துக்கொண்டு ஓய்ந்திருப்பார். லியோ மறுபடியும் வேலை மேசைக்குப் போனார். 1970-களில் மியூசிக் மேன் என்ற கம்பெனியில் புதிய கருவிகளை அமைத்தார். 1979-ல் மனைவி எஸ்தர் புற்றுநோயால் இறந்தார். நாற்பத்தைந்து ஆண்டுத் துணை போன துயரத்திலும் வேலையை விடவில்லை. பழைய நண்பர் ஜார்ஜ் புல்லர்ட்டனுடன் சேர்ந்து ஜி அண்டு எல் என்ற கம்பெனியை ஏற்படுத்தினார். 1980-ல் பில்லிஸ் என்ற பெண்ணை மறுமணம் செய்துகொண்டார்.

கடைசிக் காலத்தில் நடுக்குவாத நோய் வந்தது. கைகள் நடுங்கின. அப்போதும் தினம் தொழிற்சாலைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. 1991-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி, 81-வது வயதில் காலமானார். மறு ஆண்டே ராக் அண்டு ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2009-ல் கிராமி தொழில்நுட்ப விருதும் அவருக்கு வழங்கப்பட்டது.

பாட்டுக்காரர் அல்லாத ஒருவருக்குப் பாட்டு உலகம் செய்த மரியாதை இது. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டார். தம் காதை மட்டும் நம்பாமல், கேட்பவர் நிற்கும் இடத்துக்கே போய் நின்று கேட்டார். லியோ பென்டரின் வெற்றி ரகசியம் அவ்வளவுதான்.